சத்தம் சேராத நாற்பது செகண்டு

மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதினாலு தடவை போன் அடிச்சுட்டேன், நீ எடுக்கல. மெசேஜ் போட்டா ஒத்த டிக்கோட நிக்குது. தடுத்து வெச்சிருக்கேன்னு புரியுது. பாக்கி இருக்கிறது மெயில்தான், அதனால கடிதமாவே எழுதறேன். கோபம் வந்தாலும் பாதியில மூடி வைக்காதே.

இன்னிக்கு ஆன்லைன் மீட்டிங்ல நடந்தது என் தப்புதான். ஆனா நீ நினைக்கிற தப்பு இல்ல.

பெரியப்பா எதுக்குக் கூட்டினார்னு உனக்கே தெரியும். அப்பாவை உன்கிட்டயே விடறதா, இல்ல அவர் விசாரிச்சு வெச்சிருக்கிற அந்தப் பராமரிப்பு இல்லத்துல சேர்க்கிறதா. "பக்கவாதம் வந்து ஏழு மாசம் ஆச்சு, ஒரு வார்த்தை வரல, அவ ஒருத்தியா என்னத்த செய்வா"ன்னு அவர் ஆரம்பிச்சதும் எனக்குப் பொறுக்கல. நீ படற பாட்டை எல்லாரும் கண்ணால பார்க்கட்டும்னுதான் அந்த வீடியோவை ஷேர் பண்ணேன். அப்பா ரூம்ல நான் மாட்டின கேமராவுல போன செவ்வாய்க்கிழமை பதிவானது. பேச்சுப் பயிற்சி மேடம் சொன்ன மாதிரியே நீ மேஜையைத் தட்டித் தட்டி, வாயை நல்லாத் திறந்து, அவரோட பழைய அறிவிப்பைச் சொல்லிக் குடுக்கிற. முப்பது வருஷம் பஸ் நிலையத்துல மைக் பிடிச்ச மனுஷன் வாயில "பயணிகள் கவனத்திற்கு" வந்துடாதான்னு நீ தவிக்கிற தவிப்பு இருக்கே, அதைப் பார்த்தா கல்லும் கரையும்னு நம்பினேன். மொத்தம் நாற்பது செகண்டு.

ஸ்கிரீன் ஷேர் அழுத்தும்போது கீழ ஒரு சின்னக் கட்டம் வரும். சத்தத்தையும் சேர்க்கவான்னு கேட்கும். அதுல டிக் போட மறந்துட்டேன். என் பக்கம் வீடியோ எப்பவும் ஊமையாத்தான் ஓடும், அது குடோன்ல காவல் கேமரா பார்க்கிற வேலையில வந்த பழக்கம். அதனால எனக்கு வித்தியாசமே தெரியல. எல்லாருக்கும் படம் போச்சு, சத்தம் போகல. சத்தமில்லாம பார்த்தா நீ அப்பா மூஞ்சிக்கு நேரா நின்னு மேஜையை அடிச்சுக் கத்தற மாதிரி இருக்கு. அத்தை "ஐயோ, அடிக்கிறாளா?"ன்னு கேட்டாங்க. பெரியப்பா மைக்கை அணைச்சுட்டோம்னு நினைச்சுக்கிட்டு "இதுக்கு மேல என்ன பேச இருக்கு"ன்னார். அது எல்லாருக்கும் கேட்டுச்சு. உன் கட்டம் கருப்பாயிடுச்சு.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு மறுபடி கூடறாங்க. இந்தத் தடவை சத்தத்தோட போடறேன், எல்லாம் தெளிஞ்சுடும். நீ வந்து உட்கார்ந்தா போதும்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

அந்த வீடியோவை மறுபடி போடாதே. சத்தத்தோடயும் வேண்டாம், சத்தமில்லாமயும் வேண்டாம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான், கடிதம் முடிஞ்சுது.

முடியலை, பார். மெயிலை மூடிட்டு மெஷின்ல போய் உட்கார்ந்தேன், ரெண்டு ஊசி உடைஞ்சுது. ஏழு பேன்ட்டுக்கு நீளம் குறைக்கணும், யூனிபார்ம் பாவாடை மூணுக்கு ஜிப் மாத்தணும், நாளைக்கே கேட்டு வந்து நிப்பாங்க. கையும் ஓடல காலும் ஓடல. அதான் திரும்ப வந்துட்டேன்.

நீ வீடியோ போட்டப்ப அப்பா என் பக்கத்துல இருந்தார், தெரியுமா உனக்கு? தலை வாரி, தேய்ச்ச சட்டை போட்டு, பிள்ளை முகத்தைப் பார்க்கட்டும்னு நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வெச்சிருந்தேன். கேமரா கோணத்துல அவர் விழல, அதனால உங்க யாருக்கும் தெரியல. அவரும் அந்த நாற்பது செகண்டையும் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பை மூடினது உங்க எல்லாருக்காகவும் இல்ல.

கேமரா மாட்டின அன்னிக்கு என்ன சொன்ன? "நான் பக்கத்துலயே இருக்கிற மாதிரி நினைச்சுக்கோ"ன்ன. பக்கத்துல இருக்கிறவன் தலையணையைத் திருப்பிப் போடுவான். நீ மெசேஜ் போடுவ. ஜன்னல் திறந்திருக்கு. சட்டை பட்டன் மாறியிருக்கு. போர்வை கீழ கிடக்கு. இப்ப ஒரு வாரமா ஒரே பல்லவி: "அப்பா கொட்டாவி மேல கொட்டாவி விடறார், சீக்கிரம் படுக்க வை." நீ சொல்றியேன்னு படுக்க வெச்சா அவர் தூங்கறாரா? என் கையைப் பிடிச்சுக்கிட்டு முறைக்கிறார். உனக்கு நல்ல பேர், எனக்கு முறைப்பு.

கேமராவைச் சுவத்துப் பக்கம் திருப்பிட்டேன். சுண்ணாம்பைப் பார்த்துக்கிட்டு இரு. அதுல ஏதாவது விரிசல் தெரிஞ்சா மெசேஜ் போடு.

அப்பாவை நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன். அதையும் பெரியப்பாகிட்ட சொல்லிடு.


மார்ச் 5

தங்கச்சிக்கு,

சுவரைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். உனக்கு நக்கல், எனக்கு இருப்பே கொள்ளல.

பெரியப்பா நேத்தே அந்த இல்லத்துக்குப் பேசிட்டார். ஒரு படுக்கை காலியா இருக்காம். திங்கட்கிழமை காலையில வண்டி வரும்னு சொல்லிட்டாங்களாம். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆகியும் அவர் இன்னும் ஹெட்மாஸ்டர்தான், முடிவு பண்ணிட்டுத்தான் கூட்டத்தையே கூட்டுவார். அத்தை வேற "நான் என் கண்ணால பார்த்தேன்"னு சொந்தக்காரங்க நாலு பேருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்காங்க. நம்ம கையில இருக்கிறது ஒரே ஒரு சாட்சி. அதை வேண்டாங்கிற. ஏன்?

உன் அண்ணி கேட்கறா, "அவளுக்குக் கூச்சமா இருக்குமோ"ன்னு. கூச்சப்பட இதுல என்ன இருக்கு? நான் அதை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். பதினொரு வருஷமா பதினாறு ஸ்கிரீன் முன்னால உட்கார்ந்திருக்கேன், ஒண்ணுலயும் சத்தம் கிடையாது, ஹெட்போனும் மாட்டக் கூடாது. அஞ்சாம் நம்பர் வாசல்ல ரெண்டு டிரைவர் பேசிக்கிட்டா சண்டையா சாப்பாடான்னு வாயசைவை வெச்சே சொல்லிடுவேன். நீ தட்டற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எழுத்து. ப, ய, ணி, கள். எனக்குத் தெளிவாத் தெரியுது.

இன்னிக்கு வேலையில மனசே நிக்கல. ஃபோர்க்லிஃப்ட் ஒண்ணு அட்டைப்பெட்டி அடுக்கை இடிச்சுச் சாய்ச்சிருக்கு, என் கண்ணு முன்னாலயே, நான் கவனிக்கல. சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ சரின்னு சொன்னாலும் சொல்லாட்டியும் ஞாயித்துக்கிழமை போடத்தான் போறேன்.

அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

இருபது தடவை பார்த்தேன்னு எழுதியிருக்கியே. ஒரு தடவையாவது கேட்டியா?

வீட்ல, தனியா, அண்ணியும் பக்கத்துல இல்லாம, சத்தம் வெச்சுக் கேளு. அதுக்கு அப்புறமும் போடணும்னு தோணினா போடு. நான் தடுக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் அவருக்குப் பயிற்சி ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அது என்னன்னு உனக்கு எழுதலாம்னு நாலு தடவை ஆரம்பிச்சு நாலு தடவை அழிச்சேன். அப்பாவை அடிக்கல. அது மட்டும் சத்தியம். மத்தபடி, சத்தமில்லாம பார்த்ததால எல்லாரும் என்னைத் தப்பா நினைச்சுட்டாங்கன்னு நீ வருத்தப்படறியே, அத்தை சரியாத்தான் பார்த்தாங்க. தப்பாப் பார்த்தது நீதான்.

அதைச் சத்தத்தோட கேட்டா அப்பாவை என்கிட்ட விடுவாங்களா? நானே விட மாட்டேன். வண்டி வர்ற மாதிரி நேத்துலேர்ந்து எனக்கு எந்நேரமும் கேட்குது. தெருவுல எது நின்னாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்கறேன். இன்னிக்கு வந்தது தண்ணி கேன் வண்டி.


மார்ச் 8

பாப்பா,

கேட்டுட்டேன்.

வீட்ல வெச்சுக் கேட்கத் துணிச்சல் வரல. சாப்பாட்டு இடைவேளையில குடோனுக்கு வெளிய வண்டி நிறுத்தற இடத்துல, காருக்குள்ள கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுக் கேட்டேன். ப, ய, ணி, கள்னு நான் படிச்ச எழுத்து ஒண்ணு கூட அதுல இல்ல. "பேசுங்க"ன்னு ஒரு தட்டு, "பேசுங்க"ன்னு இன்னொரு தட்டு. "ஊருக்கெல்லாம் மைக் வெச்சுப் பேசினீங்களே, எனக்கு ஒரு வார்த்தை இல்லையா"ன்னு கேட்கிற. "ஏழு மாசமா சுவத்தோட பேசிக்கிட்டிருக்கேன், எனக்கும் பைத்தியம் பிடிச்சுடும், நான் போறேன், நீங்களே கிடங்க"ன்னு சொல்ற. அதுக்கு அப்புறம் ஒண்ணு சொன்ன. அதை நான் எழுத மாட்டேன், நீயும் எங்கேயும் எழுதாதே.

பாப்பா, எனக்கு உன் மேல கோபம் வரல. என் மேல வந்துது. ஏழு மாசமா நான் உன்னைத் தினம் பார்க்கறேன், உன் குரல் இப்படி ஆகியிருக்கிறது எனக்குத் தெரியாது.

ஆனா இன்னும் ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் இதை எழுதறேன். நீ ரூமை விட்டுப் போற இடத்துல நான் வெட்டியிருந்தேன். அதுக்கு மேல சும்மா அப்பா உட்கார்ந்திருக்கிறதுதானேன்னு. கேமரா பதினஞ்சு நாள் பதிவை வெச்சிருக்கும். மிச்சத்தையும் எடுத்துக் கேட்டேன். வெளி ரூம்ல உன் மெஷின் கடகடன்னு ஓட ஆரம்பிக்குது. அப்பா கதவையே பார்க்கறார். வாயைத் திறக்கறார். நான் கொட்டாவின்னு சொன்னேனே, அதேதான், அதே கொட்டாவி. காதுல போனை அழுத்திக்கிட்டுக் கேட்டேன்.

"வா"ன்னு கூப்பிடறார்.

காத்து மாதிரிதான் வருது. மெஷின் சத்தத்துல உனக்குக் கேட்க வாய்ப்பே இல்ல. பதினேழு தடவை கூப்பிடறார், எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் தோளை இழுத்து, மூச்சைப் பிடிச்சு. புதன், வியாழன், வெள்ளி எல்லாத்தையும் திறந்து பார்த்துட்டேன். நீ வெளிய போனா போதும், ஆரம்பிச்சுடறார். அந்த நேரமெல்லாம் நான் உனக்கு மெசேஜ் போட்டிருக்கேன், படுக்க வைன்னு. மகளைக் கூப்பிடற மனுஷனைப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கேன். எனக்குச் செருப்படி குடுக்கணும்.

பெரியப்பா எதிர்பார்க்கிற ஒரு வார்த்தை வந்தாச்சு. இனிமே வண்டியாவது ஒண்ணாவது. நீ பேசினதையெல்லாம் வெட்டிட்டு "வா"வை மட்டும் போட்டுடறேன், ரெண்டு நிமிஷ வேலை. ஒரு ஈ காக்காவுக்கும் தெரியாது. இதோட அந்த முழுப் பதிவையும் அனுப்பியிருக்கேன். மெஷினை நிறுத்திட்டுக் கேளு.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

நீ அனுப்பினதைப் பாதிதான் கேட்டேன். மீதியை நேர்லயே கேட்டுக்கலாம்னு எழுந்து போயிட்டேன்.

அவர் முன்னால போய் நின்னு "சொல்லுங்கப்பா, வா சொல்லுங்க"ன்னேன். வாயையே திறக்கல, எதுக்கு உயிரை வாங்கறேங்கிற மாதிரி பார்த்தார். வெளிய வந்தேன். மெஷினைத் தொடல. கதவுக்குப் பின்னால சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு நின்னேன். அப்புறம் வந்துது. ரேடியோ கடைசி பேட்டரியில பாடற மாதிரி ஒரு குரல். ஓடிப் போய் முன்னால நின்னேன். அவர் ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கார். திரும்ப வெளிய போனேன், திரும்பக் கூப்பிட்டார். ஆறு தடவை போய் வந்தேன். அஞ்சாவது தடவை சிரிச்சார். ஏழாவது தடவை நான் வெளிய போகப் பார்த்தப்ப என் புடவை முந்தானையைப் பிடிச்சுக்கிட்டார், போதும்டீங்கிற மாதிரி.

அழுதேன்னு சொல்லத் தேவையில்ல. ஒரு வாரமா அவர் கூப்பிடக் கூப்பிட நான் யாரோட ஜிப்பையோ தைச்சுக்கிட்டிருந்திருக்கேன்.

இப்ப நீ சொன்னதுக்கு வர்றேன். வெட்டாதே.

வெட்டணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நான் சொன்னதை அத்தை கேட்டா இந்த ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. ஆனா யோசிச்சுப் பாரு. நான் கத்திட்டுப் போனதாலதான் அவர் கூப்பிட்டார். நான் அவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் கூப்பிட்டார். அதை எடுத்துட்டா ஒரு கிழவர் கதவைப் பார்த்து என்னமோ முனகறார், அவ்வளவுதான் தெரியும். போன ஞாயிறு படம் மட்டும் போட்ட. இந்த ஞாயிறு பாதி சத்தம் போடப் போறியா?

முழுசாப் போடு. அந்தக் கட்டத்துல டிக் போடு. என்ன ஆனாலும் ஆகட்டும். அதைக் கேட்டுட்டும் அப்பாவை எடுத்துட்டுப் போறதுதான் சரின்னு அவங்க சொன்னா, நான் பதில் பேச மாட்டேன். இதை எழுதறதுக்குள்ள மூணு தடவை எழுந்து நடந்துட்டேன். நாளைக்குப் பதினோரு மணி எப்ப வரும்னு இருக்கு, வராமலே இருந்தாத் தேவலைன்னும் இருக்கு.

தங்கச்சி


மார்ச் 9, சாயங்காலம்

பாப்பா,

சரி, வெட்டல. ஒரு செகண்டு கூட எடுக்கல.

அண்ணியை இன்னொரு போன்ல உள்ள வரச் சொல்லி ஒத்திகை பார்த்தாச்சு. சத்தம் போகுது. அவ முழுசாக் கேட்டா. அப்புறம் "உங்களுக்கு இன்னும் எத்தனை நாள் லீவு பாக்கியிருக்கு"ன்னு மட்டும் கேட்டா. பயமா இருக்கு, பாப்பா. உனக்குத் தைரியம் சொல்ல வேண்டியவனே நான்தான்.

அண்ணன்


மார்ச் 11, திங்கள்

அண்ணா,

வண்டி வரல. முதல்ல அதைச் சொல்லிடறேன், நீ உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படிக்க வேண்டாம்.

வீடியோ முடிஞ்ச கையோட உன் நெட்டு போயிடுச்சு. சரியான நேரம் பார்த்துப் போகும் அது. உன் கட்டம் காணாமப் போனதுக்கு அப்புறம் நடந்ததை அவ போன்ல பார்த்துக்கிட்டிருந்த அண்ணி மேலோட்டமாச் சொல்லியிருப்பா. நீ இங்க வர்றதுக்கு உன் லீவு லெட்டரை அடிச்சுக்கிட்டே பேசியிருப்பா. நான் முழுசாச் சொல்றேன்.

அத்தையோட போன் கூரையைக் காட்டிக்கிட்டிருந்துது, மூக்கைச் சிந்தற சத்தம் மட்டும் வந்துது. பெரியப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், மாட்டினார், மறுபடி கழட்டினார். நான் தலையே தூக்கல. திட்டுவார்னு காத்துக்கிட்டிருந்தேன். "போறேன்னு சொன்னியேம்மா, நிஜமாவே போகணும்னு தோணுதா?"ன்னு கேட்டார். ஏழு மாசத்துல என்கிட்ட யாரும் கேட்காத கேள்வி. "சில நாள் தோணுது பெரியப்பா"ன்னேன். பொய் சொல்ல வாய் வரல. "தோணாம இருந்தாத்தான் அதிசயம்"னார். அத்தை குறுக்க புகுந்து, "மாசத்துல ஒரு வாரம் நான் வந்து இருக்கேன், எவளும் ஒருத்தியாக் கிடந்து சாக வேண்டாம்"னாங்க. மைக்கை அணைக்காம மறுபடி மூக்கைச் சிந்தினாங்க. போன வாரம் நாலு பேருக்குப் போன் பண்ணின அதே அத்தைதான்.

அப்புறம் பெரியப்பா, என் பக்கத்துல இருந்த அப்பாவைக் கூப்பிட்டு நேராவே கேட்டார். "தம்பி, அங்க வந்து இருக்கியா, இவகூட இருக்கியா?" அப்பா ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டிருந்தார். அவருக்கு ஒரு வாய் தண்ணி எடுக்கலாம்னு நான் எழுந்தேன். கதவுகிட்டகூடப் போகல, அதுக்குள்ள "வா"ன்னுட்டார். எல்லார் முன்னாலயும், மைக்கு வழியா, கணீர்னு. பெரியப்பா "படுக்கை வேண்டாம்னு அவங்களுக்குச் சொல்லிடறேன்"னுட்டு அவசர அவசரமா மீட்டிங்கை விட்டு வெளிய போயிட்டார். எப்படிப் போறதுன்னு தெரியாம ரெண்டு நிமிஷம் பட்டனைத் தேடினது தனிக் கதை.

நான் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைக்கு அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். தலையில ஒரு தட்டுத் தட்டினார். மேஜையை நான் தட்டின அதே மாதிரி. அப்புறம் வாயைத் திறந்தார். என்னவோ சொல்லப் போறார்னு மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன். நிஜக் கொட்டாவி. படுக்க வெச்சேன், அடுத்த நிமிஷம் குறட்டை.

கேமராவை மறுபடி அவர் பக்கம் திருப்பியிருக்கேன். அது உன் குரல் வர்ற டப்பான்னு அவருக்குத் தெரியும், நீ ஆரம்பத்துல அதுல பேசுவியே. இன்னிக்குக் காலையில நான் வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு அவர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன், எங்கேயும் எழுந்து போகல. அவர் என்னைப் பார்க்கவே இல்ல. கேமராவை நிமிர்ந்து பார்த்து, தோளை இழுத்து, மூச்சைப் பிடிச்சு வாயைத் திறந்தார். மணி ஒன்பதே கால் இருக்கும். நீ அந்த நேரம் பதினாறு ஸ்கிரீன் முன்னால இருந்திருப்ப. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பாரு. சத்தம் வெச்சுப் பாரு. வழக்கம்போல மறந்துட்டா நானே சொல்லிடறேன்.

அது கொட்டாவி இல்ல, அண்ணா.

தங்கச்சி